ரெண்டாவது பாட்டில்

அங்க உக்காராதே அம்மிணி, அந்த ஏசி நேரா மண்டை மேலயே அடிக்கும். அரை மணி நேரத்துல கழுத்துப் புடிச்சுக்கும். இப்படி வா, எனக்குப் பக்கத்துல உக்காரு. பையா? பை கெடக்கட்டும், என்ர மடியிலயே இருக்கட்டும். இதக் கீழ வெக்கறதுக்கில்ல.

ஆருக்கு ஆபரேசன்? அப்பாவுக்கா? அம்மா டீ வாங்கப் போயிருக்கறாங்களா? செரி செரி. குடல்ல கட்டியா? வகுத்தக் கிழிக்காம ஓட்டை போட்டுப் பண்றதுதான? நாலஞ்சு ஓட்டை, ஒரு கேமரா, டிவியப் பாத்துக்கிட்டே பண்ணுவாங்க. பயப்படாதே. என்ர தம்பிக்கும் அதேதான். ஆறு வாரம் ஆச்சு. இதே கதவு, இதே பெஞ்சு. இதுல இந்த மூலையில ஒரு ஆணி தூக்கிக்கிட்டு இருக்குது பாரு, அது கூட அப்படியேதான் இருக்குது. சேலைய இழுத்துக்க.

தம்பி பேரு நாச்சிமுத்து. அவனும் அவன் சம்சாரம் கோகிலாவும் அதோ, அந்த நாலாம் நம்பர் ரூமுக்குள்ள டாக்டரப் பாக்கப் போயிருக்கறாங்க. "அண்ணி, நீங்க வெளியவே இருங்க, உள்ள ரெண்டு சேருதான் கெடக்குது"ன்னு சொல்லிப்போட்டா. செரின்னு உக்காந்துட்டேன். மூணு மாசமா நான் பண்ற சோலி அது ஒண்ணுதான். உக்காருன்னா உக்காருவேன், ஓடுன்னா ஓடுவேன். ஸ்கேனுக்கு நான், ரத்தம் குடுக்க நான், சீட்டுப் போட விடியக்காலம் வந்து வரிசையில நிக்கறதுக்கு நான். மில்லுல நூல் சுத்தற மிசின்ல இருபத்தாறு வருசம் நின்ன காலு இது. முட்டிக்குக் கீழ என்ர காலா அடுத்தவ காலான்னே தெரியறதில்ல. அலுத்துப் போச்சு அம்மிணி. நெம்ப அலுத்துப் போச்சு.

உங்களுக்கு டாக்டர் அந்தப் பச்சை மருந்தப் பத்திச் சொன்னாரா? சொல்லலையா? நான் சொல்றேன் கேளு. கால்ல ஒரு புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுமல்லோ? அந்த மாதிரி குடலச் சுத்தியும் கொழுப்புக்குள்ள சின்னச் சின்ன முடிச்சு இருக்குதாம். கட்டி நகந்து போகோணும்னா மொதல்ல அந்த முடிச்சுக்குத்தான் போகுமாம். அதனால கட்டியோட சேத்து அதுகளையும் எடுத்துப்போடோணும். ஆனா கொழுப்புக்குள்ள கெடக்கறது கண்ணுக்குத் தெரியாதல்லோ. அதுக்குத்தான் கட்டிக்குப் பக்கத்துல ஊசியில அந்த மருந்தப் போடறது. தோட்டத்துல மடைய வெட்டி உட்டா தண்ணி எந்தப் பாத்திக்குப் போகுதுன்னு பாக்கறமல்லோ, அதேதான். மருந்து எந்த வழியாப் போகுதோ அந்த வழியில இருக்கற முடிச்செல்லாம் டிவியில பச்சையா மின்னுமாம். டாக்டர் ஒரு காகிதத்துல படம் போட்டே காமிச்சாரு. கோகிலா சயின்சு டீச்சரு, தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டா. ஆனா மனசுல வாங்குனது நான்தான்.

இன்னொண்ணு சொல்றேன், இதுக்கு நீ தயாரா இருந்துக்க. முடிஞ்சதும் அந்தக் கதவத் தெறந்து அப்பா பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. எடுத்தத ஒரு தட்டத்துல வெச்சுக் காமிப்பாங்க. நம்ம பாக்கோணும், பாத்தேன்னு கையெழுத்துப் போடோணும். எங்களக் கூப்புட்டதும் கோகிலாதான் மொதல்ல போனா. போனவ தட்டத்தப் பாத்ததும் அப்படியே சொவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா. பள்ளிக்கூடத்துல தவளைய அறுத்துக் காட்டுனவ! அவளுக்கு ஒரு கட்டலு, குளுக்கோசு. அப்பறம் நாந்தான் பாத்தேன். நான் என்னத்தச் சாயறது, எனக்கு எங்க கட்டலு இருக்குது?

டாக்டர் முகத்துத் துணிய எறக்கிட்டு, "அம்மா, இது குடல். பக்கத்து முடிச்செல்லாம் இதோடயே இருக்குது. இந்த ரெண்டத் தனியாப் பாத்துக்கங்க. நாங்க நெனைக்காத எடத்துல, பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல பச்சையா தெரிஞ்சுது. மருந்து இல்லைன்னா நாங்க அத உட்டுட்டே வந்திருப்போம். இது முக்கியம்"ன்னாரு. ரெண்டும் துவரம்பருப்பு அளவுதான் இருந்துது. முக்கியம்னுதான் சொன்னாரு. நான் இல்லைன்னு சொல்லல.

அதுக்கப்பறம் அந்த நர்சு ரெண்டு சாமான் கைல குடுத்தா. பெரிய டப்பா ஒண்ணு, ஊறுகா டப்பா மாதிரி, அத ஒரு கட்டப்பையில போட்டுக் குடுத்தா. இன்னொண்ணு சின்ன பாட்டில், என்ர கட்டைவெரலு உசரம், அந்த ரெண்டு முடிச்சும் அதுக்குள்ள. இங்க இந்தப் பரிசோதனை பண்றதில்ல, வெளிய லேப்புல பண்றாங்க, நம்ம ஆளுகதான் கொண்டு போய்க் குடுக்கோணும். "அம்மா, சின்னது, எங்கியாவது உளுந்துரப் போகுது, பத்தரம்"ன்னா. "இந்த மருந்துத் தண்ணியில இருக்கற வரைக்கும் கெட்டுப் போகாது, ஆனாலும் இன்னைக்கே குடுத்துருங்க"ன்னா. பத்தரம்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? கைக்குட்டையில சுத்தி, என்ர கைப்பைக்குள்ள, கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்துல சொருகி வெச்சேன். பத்தரமாத்தான் வெச்சேன்.

கோகிலா கட்டல்ல படுத்துக்கிட்டே சொல்றா, "அண்ணி, நேரா லேப்புக்குப் போங்க. கோயிலு கொளம்னு வழியில எங்கியும் எறங்கிராதீங்க." அந்த நேரத்துலயும் அவளுக்கு அதுதான் வெசனம். பத்தொம்போது வருசமா என்னையப் பாக்கறாளல்லோ.

ஆனா நான் ஆத்தா கிட்ட வாக்குக் குடுத்திருந்தேன் அம்மிணி. காலைல அவனத் தள்ளிக்கிட்டு உள்ள போறப்ப, "மாரியாத்தா, எம் பையன நல்லபடியா வெளிய அனுப்பு, பச்சத்தண்ணி வாயில படாம, ஊட்டு வாசப்படி மிதிக்காம, நேரா வந்து உனக்கு வெளக்குப் போடறேன்"னு சொல்லியிருந்தேன். பையன்னு வாயில வந்துருச்சு. தம்பிதான். எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு, எனக்குப் பதினஞ்சு. எங்கூட்டுக்காரரும் சீக்கிரமே போயிட்டாரு, எனக்குன்னு கொழந்தை குட்டி கெடையாது. நான் வேற ஆரச் சொல்லுவேன்?

கோயிலு லேப்புக்குப் போற வழியிலதான் இருக்குது. சுத்தே இல்ல. ஆட்டோவ நிறுத்தச் சொல்லி எறங்கினேன். கறிய எடுத்துக்கிட்டு ஆத்தா சன்னிதிக்குள்ள போகக் கூடாதல்லோ, அதெல்லாம் எனக்குத் தெரியாதா? வாசல்ல பூ விக்கறவ கிட்ட அந்தக் கட்டப்பையக் குடுத்து, சித்த பாத்துக்க கண்ணுன்னேன். "என்னக்கா இது?"ன்னா. "ஊறுகா"ன்னுட்டேன். பாவம், அவ அதப் பூக்கூடைக்குப் பக்கத்துல நெழல்ல வெச்சுக்கிட்டா. நான் உள்ள போயி வெளக்குப் போட்டு, தீர்த்தம் வாங்கி, குங்குமம் வாங்கி, அந்தத் தூணுல சாஞ்சு உக்காந்து அழுதேன். மூணு மாசத்துல அன்னைக்குத்தான் அழுதேன். மனசு நெறஞ்சு எந்திரிச்சு வந்து, டப்பாவ வாங்கிக்கிட்டு லேப்புக்குப் போனேன்.

லேப்புல ஒரு பொம்பள. நாப்பது வயசு இருக்கும், நெத்தியில பெரிய பொட்டு, நல்ல மரியாதையாப் பேசும். டப்பாவ வாங்கி, பேரெழுதிட்டு, தலையத் தூக்கிக் கேட்டுது. "வேற ஏதாச்சும் இருக்குதுங்களாம்மா?"

இங்கதான் நீ கவனமாக் கேக்கோணும். மில்லுல தெனமும் சிப்டு முடிஞ்சா வாசல்ல எங்களச் சோதிப்பாங்க. நூலு கீலு ஒளிச்சுக் கொண்டு போறமான்னு. பையத் தெறந்து காட்டோணும், இடுப்பத் தட்டிக் காட்டோணும். கடைசியா அந்தக் காவக்காரி கேப்பா, "வேற ஏதாச்சும் இருக்குதா?" "இல்லீங்க." இருபத்தாறு வருசம் அம்மிணி. கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லோணும். ஒரு நொடி ரோசனை பண்ணுனா, வா இக்கட்டால, இந்தப் பக்கம்னு தனி ரூமுக்குக் கூட்டிப் போயிருவா. சேலைய அவுத்து ஒதறச் சொல்லுவா. அதனால என்ர வாயி ரோசனை பண்ணப் பழகவேயில்ல. அந்தம்மா கேட்டுது, என்ர வாயி சொல்லிருச்சு. இல்லீங்க.

நான் பொய் சொல்லல. எனக்கு அந்த நேரத்துல பாட்டிலோட நெனப்பே இல்ல.

பொழுதோட ஊட்டுக்கு வந்து, மாத்தரைச் சீட்டப் பாக்கறக்கு கண்ணாடிய எடுக்கறேன், கைக்குட்டை வருது. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப் போச்சு. நீ என்ன நெனைப்பே, லேப்புல குடுக்காம உட்டுட்டமேன்னு ஆடிப் போச்சுன்னு நெனைப்பே. இல்ல அம்மிணி. இதத் தோள்ல மாட்டிக்கிட்டா ஆத்தா சன்னிதிக்குள்ள போனேன்? இதோடயா தீர்த்தம் வாங்கிக் குடிச்சேன்? பெருச வாசல்ல வெச்சுப்போட்டு, சின்னத உள்ள கொண்டு போயிருக்கறேன். எம் பையனோட சீக்க அவ காலடியில கொண்டு போயி வெச்சுட்டு, அவனக் காப்பாத்துன்னு கேட்டிருக்கறேன். தலையோட தண்ணி வாத்துக்கிட்டேன். மறுக்கா வாத்துக்கிட்டேன். மனசு ஆறவேயில்ல.

அடுத்த நாளே லேப்புல கொண்டு போய்க் குடுத்திருக்கலாம்னு நீ சொல்லுவே. சொல்றது லேசு. நேத்து ஏன் குடுக்கலைன்னு கேப்பாங்க. கோகிலாவுக்குத் தெரிஞ்சு போயிரும். "நேராத்தான போனீங்க?"ன்னு அவ கேட்டப்ப நேராத்தான்னு சொல்லிப்போட்டேன். இப்பக் கோயிலுக்குப் போன கதை வரும். கறியோட போன கதை வரும். நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இவ தீட்டுப் பண்ணுனாளே அதனாலதான்னு ஒறம்பரை சனமெல்லாம் பேசும். கோகிலா பேசமாட்டா, அவளுக்கு அதுல நம்பிக்கை இல்ல. நான் பேசுவேன். எனக்கு நானே பேசிக்குவேன். அதான் துணியில சுத்தி என்ர பொட்டிக்குள்ள வெச்சுட்டேன். ரெண்டு நாளு கழிச்சு, நாலு நாளு கழிச்சுன்னு போயிட்டே இருந்துது.

ஒம்போதாம் நாளு ரிப்போர்ட்டு வந்துது. பதினாறு முடிச்சு பாத்தாங்களாம், ஒண்ணுல கூட சீக்கு இல்லையாம்! ஆபரேசன் பண்ணுன பெரிய டாக்டர் அப்ப ஒரு மாசத்துக்கு வெளியூரு போயிட்டாரு. இங்க இருந்த சின்ன டாக்டரு பாத்துட்டு, நல்லா இருக்குது, பெரியவரு வந்ததும் ஒருக்கா காமிச்சுருங்கன்னாரு. நான் அங்கியே கையெடுத்துக் கும்புட்டேன். ஆத்தா மன்னிச்சுட்டான்னு நெனைச்சேன். பதினாறே போதுமல்லோ, அதுக்கு மேல ரெண்டு எதுக்கு? தம்பி என்ர கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா கையால கொண்டு போய்க் குடுத்தது, அது நல்லதாத்தான் வரும்"னான். கோகிலா கேசரி கிண்டுனா. எனக்குத்தான் மொதல்ல வெச்சா. நீயே சொல்லு, கேசரிய வாயில வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன்?

போன வியாழக்கெழமை பெரிய டாக்டர் வந்துட்டாரு. ரிப்போர்ட்டப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. "தனியா ரெண்டு அனுப்புனேனே, அதோட ரிப்போர்ட்டு எங்க?"ன்னாரு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. ரெண்டையும்தான் குடுத்தேன்னு சொல்லிப்போட்டேன்.

ஆமா. அது பொய்தான்.

கோகிலா அன்னைக்கே லேப்புக்குப் போயி நின்னா, நானும் கூடப் போனேன். நோட்டுல ஒரு டப்பான்னுதான் எழுதியிருக்குது. அந்தப் பொட்டு வெச்சம்மா, "நான் கேட்டேங்க, வேற இல்லைன்னு அம்மாதான் சொன்னாங்க"ன்னு அழுகுது. கோகிலா உட்டாளா? "எங்க அண்ணி அப்படித் தொலைக்கறவங்க இல்ல. இருபத்தாறு வருசம் மில்லுல ஒரு கெட்ட பேரு வாங்காம வேலை செஞ்சவங்க. நீங்கதான் எங்கியோ போட்டுட்டீங்க"ன்னு வீதிக்கே கேக்கற மாதிரிப் பேசுனா. கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்துல அவ எனக்காக ஒரு வார்த்தை பேசுனது அன்னைக்குத்தான் அம்மிணி. நான் அவளுக்குப் பின்னால நின்னு என்ர காலப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா? அந்த ரெண்டுலயும் ஒண்ணும் இல்லைன்னா வேற வைத்தியமே வேண்டாம். இருக்குதுன்னா ஆறு மாசம் மருந்து ஏத்தோணும், அதையும் ஆபரேசனாகி எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சுரோணும். ஆறு வாரம் போயிருச்சு. அந்த மருந்துல வெரலு நுனி மரத்துப் போகுமாம், செலருக்குத் திரும்பி வரவே வராதாம். நாச்சிமுத்து மோட்டாருக்குக் காயிலு கட்டறவன். தலைமுடி கனத்துக்குச் செப்புக் கம்பி, கண்ண மூடிக்கிட்டு வெரல்லயே எண்ணிச் சுத்துவான். வெரலு போச்சுன்னா அவனுக்குப் பட்டறையே போச்சு. அவன் மருந்து வேண்டாங்கறான். தெரியாத வெசயத்துல ஆபத்த வெச்சுக்கக் கூடாது, ஏத்தித்தான் ஆகோணும்ங்கறா அவ. டாக்டரு, கண்ணக் கட்டிக்கிட்டு நான் எப்படிச் சொல்றது, இன்னைக்கு மூணு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துரலாம்னாரு. அதத்தான் பேசறாங்க. தெரியாமயே பேசறாங்க.

தெரியறதுக்கு வழி என்ர மடியில உக்காந்திருக்குது.

ஆமா, இதுலதான். தொட வேண்டாம், பாரு. தண்ணி இன்னும் தெளிவாத்தான் இருக்குது. இன்னைக்குக் காலைல மறுக்கா லேப்புக்குப் போனேன். ஆருக்கும் தெரியாம அந்த மேசை மேல வெச்சுப்போட்டு வந்தரலாம், அவங்களா கண்டுபுடிச்ச மாதிரி இருக்கட்டும்னு. அந்தம்மாவோட சேருல வேற ஆரோ உக்காந்திருந்தாங்க. அந்தம்மா எங்கன்னு கேட்டேன், வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னாங்க. திரும்பி வந்துட்டேன்.

நீ படிச்ச புள்ளை, நீ சொல்லு. ஆறு வாரத்துல இது கெட்டுப் போயிருக்குமா? கெட்டுப் போயிருந்தா சொல்லி என்ன ஆகப் போகுது, சொல்லாமயே இருந்தரலாமல்லோ? என்ன? கெட்டுப் போகாதா? இப்பவும் பாக்கலாமா? ம். அந்த நர்சும் அன்னைக்கு அதேதான் சொன்னா. எனக்குத் தெரியும். ஆரையாவது கெட்டுப் போச்சுன்னு சொல்ல வெக்கலாம்னு பாத்தேன்.

குடுத்துருங்கன்னு நீ சொல்றே. உன்ர வயசுல நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்கு என்னன்னா அம்மிணி, இத்தனை நாளா அந்த ஊட்டுல என்னைய உக்காரு, ஓடுன்னுதான் சொல்லுவாங்க. இந்த ஒரு மாசமாத்தான் அண்ணி அண்ணின்னு காப்பி கொண்டு வந்து கைல குடுக்கறா. இது வெளிய வந்துருச்சுன்னா அதுவும் போயிரும். தம்பி என்னைய எப்படிப் பாப்பான்னு நெனைச்சுப் பாத்தேன். நெனைக்கவே முடியல. இதுல சீக்கு இருந்துதுன்னா, ஒண்ணரை மாசம் அத நான் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு இருந்திருக்கறேன்.

நீ ஒண்ணு பண்ணு. உங்கப்பாவுக்கு எத்தனை குடுத்தாலும் எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக்க. சின்னதத் தனியா வெக்காதே. அங்க கேட்டாங்கன்னா ஒடனே பதிலு சொல்லாதே. பையத் தெறந்து பாத்துட்டு அப்பறம் சொல்லு.

கதவு தெறக்குது. உங்களுது இல்ல, நாலாம் நம்பரு. கோகிலாதான். மொகத்தப் பாரு, அழுதிருக்கறா.

என்ன கோகிலா? மருந்து வேண்டாம்னே எழுதிக் குடுக்கறேங்கறானா? ஸ்கேன் காகிதமா? இந்தா, இது பழசு, இது புதுசு. ரத்தப் பரிசோதனையும் இருக்குது. என்ன? டாக்டரு கேக்கறாரா? வேற ஏதாச்சும் இருக்குதான்னா?

இல்லீ...

சித்த இரு கோகிலா. போகாதே, நில்லு. அம்மிணி, என்ர கையக் கொஞ்சம் புடி, முட்டி நிமிரமாட்டேங்குது. ம், எந்திரிச்சுட்டேன். கோகிலா, கதவச் சாத்தாதே. நானும் உள்ள வர்றேன். சேரு வேண்டாம், நான் நின்னுக்கறேன்.

இருக்குது, கோகிலா. வேற ஒண்ணு இருக்குது.